ஒரே இசைக்கு நாலு எண்: மலையூர் அலமாரியில் விவால்டி

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் வயலின் சொல்லிக்கொடுக்கும் வீடுகளிலும், பாடகர் குழு உள்ள தேவாலயங்களிலும், பழைய விடுதிப் பள்ளிகளிலும் இசைத்தாள் அலமாரி ஒன்று இருக்கும். ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்றது, தேர்வுக்காக வாங்கியது, அவசரத்துக்கு ஜெராக்ஸ் எடுத்தது எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். தூசி தட்டி அடுக்க உட்காருகிறவருக்கு பாக் பெரிய தொல்லை தருவதில்லை, மொசார்ட்டும் அப்படித்தான். இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியிடம் வந்ததும் கை நின்றுவிடும். ஒரு தாளில் ‘ஓபஸ் 3, எண் 6’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘எஃப். 1, எண் 176’. மூன்றாவதில் வெறுமனே ‘பி. 1’. நான்காவதில் ‘ஆர்.வி. 356’. நாலு உறை, நாலு தட்டு என்று பிரித்து வைத்துவிட்டால் முடிந்தது கதை. நாலும் ஒன்றே. சுசூகி என்ற வயலின் பாடமுறையில் நான்காம் புத்தகத்துக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் வாசிக்கும் ஏ மைனர் வயலின் கான்செர்ட்டோதான் (தனி வாத்தியத்துக்கும் குழுவுக்குமான படைப்பு) அது.

ஏன் இப்படி? ஒவ்வொரு எண்ணும் ஒரு கேள்விக்குப் பதில். கேள்வி என்னவென்று தெரியாமல் பதிலை மட்டும் வாசிப்பதால்தான் குழப்பம். ‘எந்தக் கட்டில் வெளிவந்தது’ என்பது ஒரு கேள்வி. ‘எந்த வாத்தியத்துக்கு எழுதியது’ இன்னொன்று. ‘எந்த ஸ்கேல்’ என்பது வேறு. விவால்டி விஷயத்தில் இந்தக் கேள்விகளை வேறுவேறு காலத்தில் வேறுவேறு ஆட்கள் கேட்டார்கள். அவர்களுடைய பதில்கள் எல்லாம் அச்சாகி நம் அலமாரி வரை வந்துவிட்டன.

முதலில் ஓபஸ் எண். குன்னூர்த் தேயிலை ஏலத்தோடு பழக்கம் உள்ளவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஏலப் பட்டியலில் ஒவ்வொரு சரக்குக்கும் லாட் எண் உண்டு. அது அந்த விற்பனைக்கு மட்டும் செல்லும் எண். தொழிற்சாலை தன் கணக்குக்குப் போட்ட இன்வாய்ஸ் எண் வேறு. பிஓபியா டஸ்டா என்ற ரகம் வேறு. ஓபஸ் என்பது லாட் எண் மாதிரி: பதிப்பாளர் ஒரு கட்டாகச் சேர்த்துச் சந்தைக்கு விட்டதன் எண். விவால்டி பிறந்தது 1678, வெனிஸில். இறந்தது 1741, வியன்னாவில். உயிரோடு இருந்தபோது அவர் பெயரில் முறையாக வந்தவை ஓபஸ் 1 முதல் 12 வரைதான். 1705-இல் வந்த முதல் கட்டும் 1709-இல் வந்த இரண்டாவதும் சொனாட்டாக்கள். ஓபஸ் 3 ஆம்ஸ்டர்டாமில் எஸ்தியென் ரோஜே 1711-இல் வெளியிட்ட 12 கான்செர்ட்டோக்கள். ‘நான்கு பருவங்கள்’ அடங்கிய ஓபஸ் 8 வந்தது 1725-இல்.

ஆனால் அவர் எழுதிய கான்செர்ட்டோக்கள் மட்டுமே சுமார் 500. அதில் பெரும்பங்கு அவர் காலத்தில் அச்சேறவே இல்லை, கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. அச்சேறாத சரக்குக்கு லாட் எண் ஏது? ஆகவே ஓபஸை வைத்து விவால்டியை அடுக்கப் புறப்பட்டால் பெரும்பகுதி தரையிலேயே கிடக்கும்.

ஓபஸில் இன்னொரு சிக்கலும் உண்டு, அடுக்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தக் காலத்தில் கான்செர்ட்டோவை ஸ்கோராக, அதாவது எல்லா வாத்தியமும் ஒரே பக்கத்தில் தெரியும்படி, அச்சிட்டு விற்கவில்லை. வாத்தியத்துக்கு ஒன்றாகப் பார்ட் புத்தகங்களாக விற்றார்கள். ஓபஸ் 3 வந்தது எட்டுப் புத்தகங்களாக: நாலு வயலின், இரண்டு வயோலா, ஒரு செல்லோ, ஒரு கன்டினியோ (அடிஸ்வரத் துணை). முதல் வயலின் புத்தகத்தைத் திறந்தால் 12 கான்செர்ட்டோக்களின் முதல் வயலின் பார்ட்டும் வரிசையாக இருக்கும். அதன் நகல் பதிப்பு ஒன்று உங்கள் கைக்கு வந்தால் எந்த எண்ணில் வைப்பீர்கள்? அந்த ஒரு புத்தகத்துக்குள் 12 படைப்பு எண்கள் இருக்கின்றன, அவையும் அடுத்தடுத்த எண்கள் அல்ல. இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஆர்.வி. எண்ணில் (விளக்கம் பின்னால்) ஓபஸ் 3-இன் முதல் கான்செர்ட்டோ 549, இரண்டாவது 578, மூன்றாவது 310, ஆறாவது 356, எட்டாவது 522, ஒன்பதாவது 230, பத்தாவது 580. நாலு வயலினுக்கு எழுதியது, இரண்டுக்கு எழுதியது, ஒன்றுக்கு எழுதியது எல்லாம் ஒரே கட்டில் இருப்பதால் இப்படிச் சிதறுகிறது. இந்த இடத்தில்தான் முதல் விதி பிறக்கிறது: தாளை வைக்கும் பெட்டியின் எண் வேறு, படைப்பின் எண் வேறு. இரண்டையும் ஒன்றாக்க முயலும் எந்த அலமாரியும் ஆறு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

போலி ஓபஸ் எண்களும் உண்டு. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. சின்னப் புல்லாங்குழலுக்கு எழுதிய சி மேஜர் கான்செர்ட்டோவை, இப்போது பிக்கலோவிலும் ரெக்கார்டரிலும் வாசிப்பதை, பல பதிப்புகளும் இசைத்தட்டுகளும் ‘ஓபஸ் 44, எண் 11’ என்று அச்சிட்டிருக்கின்றன. விவால்டிக்கு ஓபஸ் 44 கிடையவே கிடையாது. 1940-களில் மாரியோ ரினால்டி ஒரு பட்டியல் போட்டார். அச்சேறாதவற்றையும் கட்டுகட்டாகப் பிரித்து, 12-க்கு மேல் ஓபஸ் எண்களைத் தாமாகவே கொடுத்துக்கொண்டு போனார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் லாட் எண்ணை ஏலம் முடிந்து 200 வருடம் கழித்து ஒட்டுவதில் என்ன பயன்? விவால்டி தாளில் 13-க்கு மேற்பட்ட ஓபஸ் எண்ணைக் கண்டால் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள். அந்த சி மேஜரின் சரியான முகவரி ஆர்.வி. 443.

ஓபஸ் 13 தனிக்கதை. 1737-இல் பாரிஸில் ‘இல் பாஸ்டர் ஃபீடோ’ என்ற பெயரில் ஆறு சொனாட்டாக்கள் விவால்டி பெயரிட்டு வந்தன. எழுதியவர் நிக்கோலா ஷெதவீல் என்ற பிரெஞ்சுக்காரர். விவால்டி பெயர் விற்கும் என்று தம் சரக்கை அந்தப் பெயரில் விட்டிருக்கிறார். இது உறுதிப்படுவதற்குள் அந்த ஆறும் ஆர்.வி. 54 முதல் 59 வரை எண் வாங்கி உட்கார்ந்துவிட்டன. இப்போது அவை பின்னிணைப்புக்குப் போய்விட்டன. ஆனாலும் கடையில் விற்கும் ரெக்கார்டர் புத்தகங்களில் இன்றைக்கும் விவால்டி பெயர்தான். அலமாரியில் வைக்கும்போது ஷெதவீல் பெயரில் உறை போட்டு, விவால்டி வரிசையில் 54-ஆம் இடத்தில் ‘ஷெதவீல் பார்க்க’ என்று ஒரு அட்டையை வைத்தால் போதும். தேடுகிறவர் விவால்டி என்றுதான் தேடிக்கொண்டு வருவார். அவரைத் திருத்துவதைவிடத் தாள் இருக்கும் இடத்தைக் காட்டுவதே அலமாரியின் வேலை.

அச்சேறாத பெருங்கட்டு வெளிச்சத்துக்கு வந்தது 1926-இல். வட இத்தாலியில் ஒரு சலேசியர் பள்ளியார் தங்களிடம் இருந்த பழைய இசைத் தொகுதிகளை விற்க நினைத்து, டூரின் தேசிய நூலகத்தில் விலை கேட்டார்கள். அல்பெர்த்தோ ஜென்டிலி என்ற பேராசிரியர் பார்த்தார். கட்டுகட்டாக விவால்டியின் கையெழுத்து. வாங்க நூலகத்திடம் பணம் இல்லை. ராபர்ட்டோ ஃபோவா என்பவர் இறந்துபோன தம் பிள்ளையின் நினைவாக அதை வாங்கிக் கொடுத்தார். தொகுதி எண்களைப் பார்த்தால் பாதிதான் வந்திருக்கிறது என்று தெரிந்தது. மீதிப் பாதி ஜெனோவாவில் ஒரு பிரபுக் குடும்பத்தில் இருந்தது. 1930-இல் பிலிப்போ ஜொர்தானோ அதை வாங்கிக் கொடுத்தார். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். இரண்டு குழந்தைகளின் பெயரும் சேர்ந்து அந்தத் தொகுப்புகளின் பெயராக நிற்கின்றன: மவ்ரோ ஃபோவா, ரென்சோ ஜொர்தானோ. விமர்சனப் பதிப்புகளின் அடிக்குறிப்பில் ‘ஃபோவா’, ‘ஜொர்தானோ’ என்று ஒரு எண்ணோடு வந்தால் அது நூலகத் தட்டு எண், படைப்பு எண் அல்ல. அதே மாதிரி டிரெஸ்டனில் விவால்டி பிரதிகள் பல இருந்த அலமாரிக்கு ‘இரண்டாம் அலமாரி’ என்றே பெயர். அந்தப் பெயரும் இன்றுவரை மேற்கோளில் வருகிறது. அலமாரிக்குப் பெயர் வைப்பதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு வந்தபின் பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1948-இல் மார்க் பின்செர்ல் போட்டது (‘பி.’ எண் இவருடையது) கருவியிசைக்கு மட்டும். ஸ்கேலை வைத்துப் பிரித்து எண் கொடுத்தார், சின்ஃபோனியாக்களுக்குத் தனி எண் வரிசை. பாட்டுக்கு எழுதியவை, தேவாலயத்துக்கு எழுதியவை எதுவும் அதில் கிடையாது. ஆகவே குளோரியா என்ற தேவாலயப் பாட்டுக்கு பின்செர்ல் எண் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எஃப். என்பது அந்தோனியோ ஃபன்னா. ரிகோர்டி நிறுவனம் 1947 முதல் 1972 வரை 530 தொகுதிகளாக விவால்டி கருவியிசையை மெல்லிய புத்தகங்களாக வெளியிட்டது. அதற்குப் போட்ட எண் இது. ரோமன் எண் வாத்தியத்தைக் குறிக்கும்: 1 வயலின், 3 செல்லோ, 5 மாண்டலின், 6 புல்லாங்குழல், 7 ஓபோ, 8 பாஸூன், 11 தனி வாத்தியம் இல்லாத தந்திக் குழு, 12 கலவையான குழு. அதன் பின்னால் வரும் எண்ணோ புத்தகம் வெளிவந்த வரிசை. அதாவது பாதி வகைப்பாடு, பாதி அச்சகத் தேதி. எஃப். 12 எண் 15 என்றால் கலவைக் குழுவில் பதினைந்தாவதாக அச்சானது. கிட்டார்க்காரர்கள் விடாமல் வாசிக்கும் டி மேஜர் லூட் கான்செர்ட்டோதான் அது. பின்செர்லில் 209, ஆர்.வி. 93.

இப்போது ஆர்.வி., அதாவது ரியோம் பட்டியல். டேனிஷ்காரரான பீட்டர் ரியோம் 1970-களில் சுருக்கப் பட்டியலையும், 2007-இல் முழுப் பட்டியலையும் வெளியிட்டார். கருவியிசை, தேவாலய இசை, ஒபெரா எல்லாம் ஒரே தொடர் எண்ணில். முதலில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், எந்த வாத்தியம் என்று பிரிவு. பிரிவுக்குள் ஸ்கேல் வரிசை: சி மேஜர், சி மைனர், டி மேஜர், டி மைனர் என்று ஏறி, பி மைனரில் முடியும். வயலின் கான்செர்ட்டோக்கள் 170 முதல் 391 வரை. செல்லோ 398 முதல் 424. ஒற்றை மாண்டலின் 425. புல்லாங்குழல் 426-இல் தொடங்கும். ஓபோ 446 முதல் 465, பாஸூன் 466 முதல் 504, இரண்டு வயலினுக்கு 505 முதல் 530. பிறகு பல வாத்தியங்கள். அதன்பின் திருப்பலி இசை, சங்கீதங்கள், ஒரட்டோரியோ, ஒபெரா.

திருக்குறள் எண் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். 396 என்றால் நாற்பதாவது அதிகாரம், கல்வி, அதில் ஆறாவது என்று கணக்கிடலாம். ஆர்.வி. அவ்வளவு கச்சிதம் இல்லை. மேளகர்த்தா எண் மாதிரி எண்ணிலிருந்தே ஸ்வரத்தை எடுக்கவும் முடியாது. ஆனாலும் 200-க்கும் 300-க்கும் இடையில் உள்ள எதுவும் வயலின் கான்செர்ட்டோதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 480 என்றால் பாஸூன். இது போதும், ஒரு தாளைச் சரியான தட்டுக்குக் கொண்டுபோக.

‘நான்கு பருவங்கள்’ ஏன் சிதறிக் கிடக்கிறது என்பது இங்கே விளங்கும். ஓபஸ் 8-இல் அவை 1, 2, 3, 4. ஃபன்னாவில் 1-ஆம் பிரிவில் 22, 23, 24, 25. இந்த இரண்டிலும் நாலும் கைகோத்து நிற்கின்றன, ஏனென்றால் இரண்டுமே வெளியான வரிசையைப் பார்க்கிற எண்கள். ரியோமிலோ வசந்தம் 269, கோடை 315, இலையுதிர் காலம் 293, குளிர்காலம் 297. வசந்தம் ஈ மேஜர், இலையுதிர் எஃப் மேஜர், குளிர் எஃப் மைனர், கோடை ஜி மைனர். ஸ்கேல் வரிசையில் ஈ, எஃப், ஜி என்று போவதால் கோடை கடைசிக்குத் தள்ளப்படுகிறது. பின்செர்லில் 241, 336, 257, 442 என்று இன்னும் தூரமாகப் பிரிகின்றன. ‘யாரோ எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார்கள், கோடை எப்படி குளிருக்குப் பிறகு வரும்’ என்று திருத்தப் போகாதீர்கள். எண்கள் சரியாகவே இருக்கின்றன. நாலையும் சேர்த்து ஒரே புத்தகமாக வைத்திருந்தால் பெட்டியில் ‘ஓபஸ் 8, எண் 1–4’ என்று எழுதி, அதற்கான குறிப்பு அட்டையில் நாலு ஆர்.வி. எண்களையும் போடுங்கள்.

இதே வேலையை மற்றவர்களுக்கு எப்படிச் செய்தார்கள் என்பதைச் சுருக்கமாகப் பார்த்தால் ரியோமின் புத்திசாலித்தனம் தெரியும். மொசார்ட்டுக்கு லுட்விக் ஃபான் கேஹெல் 1862-இல் கால வரிசையில் 1 முதல் 626 வரை போட்டார். காலம் பற்றிய ஆராய்ச்சி மாறமாற எண்ணும் ஆட்டம் கண்டது. 1964-இல் வந்த ஆறாம் பதிப்பில் 183-ஆம் எண் ஜி மைனர் சிம்ஃபனி ‘173டிபி’ ஆனது. இரட்டை எண் போட்டே எல்லோரும் காலம் தள்ளினார்கள். 2024-இல் வந்த புதிய பதிப்பு கால வரிசைக்காக எண்ணை மாற்றும் வேலையையே கைவிட்டுவிட்டது. ஹைடனுக்கு ஹோபோகன் வகைவாரியாகப் பிரித்தார். ரோமன் எண் 16 என்றால் பியானோ சொனாட்டா. பாக்கின் எண்ணும் வகையை ஒட்டியதுதான். விவால்டிக்கு எந்தக் கான்செர்ட்டோ எந்த வருடம் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. அதனால் ரியோம் காலத்தைத் தொடாமல் வாத்தியத்தையும் ஸ்கேலையும் பிடித்தார். தேதி மாறினாலும் வயலின் வயலின்தான், ஈ மேஜர் ஈ மேஜர்தான்.

வகை வரிசையிலும் ஒரு இடறல் உண்டு: புதிதாகக் கிடைப்பதை எங்கே செருகுவது? பட்டியல் தன் வகைகளை எல்லாம் முடித்த பிறகு கிடைத்தவை 751-க்கு மேல், வகை பார்க்காமல், வந்த வரிசையில் ஒட்டப்படுகின்றன. டிரெஸ்டனில் பால்தசாரே கலுப்பி என்ற வேறொரு இசையமைப்பாளர் பெயரில் கிடந்த ஒரு தீக்ஸித் தோமினுஸ் (சங்கீதப் பாடல்), இந்த நூற்றாண்டில்தான் விவால்டியுடையது என்று தெரிந்தது. அதன் எண் 807. மற்ற தேவாலய இசை பெரும்பாலும் 580-களிலிருந்து 640-கள் வரை இருக்க, இது மட்டும் கடைக்கோடியில். ஆகவே எண் 751-க்கு மேல் போனால் ‘பகுதி பார்த்துத் தட்டு சொல்லும்’ வித்தை வேலை செய்யாது. அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் குட்டி எழுத்தை அலட்சியப்படுத்தினால் ஒத்திகையில் மாட்டுவீர்கள். ஆர்.வி. 208-க்கு ‘கிரோசோ மொகுல்’ என்று பெயர். 208ஏ அதன் மாற்று வடிவம், ஓபஸ் 7-இல் அச்சானது. நடு மூவ்மெண்ட் (பகுதி) வேறு. தனி வயலின்காரர் 208 வாங்கி வர, குழுவிடம் 208ஏ பார்ட் இருந்தால் முதல் மூவ்மெண்ட் ஓடிவிடும், இரண்டாவதில் எல்லாரும் நிற்பார்கள். இதோடு 2010-இல் ஸ்காட்லாந்தின் ஆவணக் காப்பகத்தில் ஒரு புல்லாங்குழல் கான்செர்ட்டோ கிடைத்தது. பெயர் ‘இல் கிரான் மொகோல்’, எண் 431ஏ. பெயர் ஏறக்குறைய ஒன்று, இசை முற்றிலும் வேறு.

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு வேறு உதாரணங்களும் இருக்கின்றன. ‘கடற்புயல்’ என்ற பெயரில் 253 வயலினுக்கு, 433 புல்லாங்குழலுக்கு. ‘இரவு’ என்ற பெயரில் 439 புல்லாங்குழலுக்கு, 501 பாஸூனுக்கு. அந்த 439-க்கே சின்னக் குழுவுக்கான முந்தைய வடிவம் 104. வாத்தியக் கூட்டு மாறினால் ரியோம் தனி எண்ணே கொடுத்துவிடுவார், எழுத்து போடமாட்டார். அதனால் சில பதிப்புகள் ‘104/439’ என்று அச்சிடும். சாய்கோடு கண்டால் வாத்தியப் பட்டியலைப் பாருங்கள். அதில் வயோலா இருந்தால் உங்களிடம் இருப்பது 439.

மலையில் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பாடகர் குழுக்கள் அதிகம் தடுக்கி விழுவது குளோரியாவில். ‘விவால்டி குளோரியா, டி மேஜர்’ என்று மட்டும் சொல்லிப் புத்தகம் வரவழைத்தால் இரண்டில் எது வரும் என்று சொல்ல முடியாது. 588, 589 இரண்டுமே குளோரியா, இரண்டுமே டி மேஜர். (590-ம் ஒரு குளோரியாதான். இசை கிடைக்கவில்லை, எண் மட்டும் இருக்கிறது.) எல்லோருக்கும் தெரிந்தது 589. தந்திகள் கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குத் தாவித்தாவித் தொடங்கும். நடுவில் சோப்ரானோவும் ஓபோவும் சேர்ந்து ‘தோமினே தேயுஸ்’ பாடும். 588-க்கு முன்னால் 639 என்று எண் கொண்ட ஒரு அறிமுகப் பாடல் உண்டு. அதன் முடிவு குளோரியாவின் தொடக்கத்தோடு பின்னிக் கிடக்கும், வெட்டினால் காயம் தெரியும். கடைசிப் பக்கத்தைப் பார்த்து எது என்று முடிவு செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டின் கடைசி ‘கும் சாங்க்தோ ஸ்பிரித்து’வும் ருஜ்ஜியேரி என்ற வேறொருவரின் குளோரியாவிலிருந்து விவால்டி எடுத்து மாற்றியது, இரண்டும் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். முதல் பக்கத்தைப் பாருங்கள்.

சரியான எண் இருந்தும் சேராமல் போகிற இடம் ஒன்று உண்டு. ஆர்.வி. எண் படைப்பைச் சொல்லும், பதிப்பைச் சொல்லாது. 356-ஐ திவாதார் நாஷே என்ற வயலின் கலைஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் விருப்பப்படி திருத்தி வெளியிட்டார். சுசூகிப் பிள்ளைகள் வாசிப்பது அந்த வழியில் வந்தது. மூலத்தை ஒட்டிய குழுப் பார்ட்களோடு அது சில இடங்களில் ஒத்துப்போகாது. பிள்ளை தப்பாக வாசிப்பதாக நினைத்துத் திட்டும் முன் இரண்டு தாளின் பதிப்பாசிரியர் பெயரையும் பாருங்கள். 589-இலும் இதே கதை. 1939-இல் சியெனாவில் அதை மீட்டெடுத்த அல்ஃப்ரெதோ காசெல்லாவின் பழைய பதிப்பும், பின்னாளில் வந்த மூலப் பதிப்பும் கலந்து பாடக் கூடாது. ஆகவே அட்டையில் ஆர்.வி. எண்ணுக்கு அடுத்த வரி பதிப்பாசிரியருக்கு. இது விட்டுப்போன அட்டை பாதி அட்டைதான்.

அட்டையில் வேறென்ன? பெட்டி எண். ஆர்.வி. எண். ஓபஸ், ஃபன்னா, பின்செர்ல் எண்கள் தாளில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே. ஸ்கேல். தனி வாத்தியம். என்னென்ன பார்ட், எத்தனை பிரதி: முதல் வயலின் 4, இரண்டாம் வயலின் 4, வயோலா 2, செல்லோவும் பாஸும் 3, கன்டினியோ 1 என்கிற மாதிரி. எண்ணிப் போடுங்கள்; ‘முழு செட்’ என்று எழுதுவது பொய் சொல்வதற்கு நாகரிகமான வழி. காணாமல் போவது எப்போதும் வயோலா பார்ட்தான். வயோலாக்காரர் இல்லாத வருடத்தில் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, இல்லாதது தெரிவதும் இல்லை.

பழைய எண்களை அடித்துவிட்டு ஆர்.வி. மட்டும் எழுதுகிற ஆர்வக்கோளாறும் வேண்டாம். 1960-களின் இசைத்தட்டு உறையில் ‘பி. 241’ என்று பார்த்துவிட்டு ஒருவர் தேடி வரலாம். ஒத்துப் பார்க்கும் வரிசை உங்கள் அட்டையில்தான் இருக்க வேண்டும். எழுத்துச் சுருக்கங்களில் எச்சரிக்கை: ‘ஆர்.’ என்று மட்டும் இருந்தால் ரினால்டியாகவும் இருக்கலாம், ரியோமாகவும் இருக்கலாம். ‘கே.’ மொசார்ட் தாளில் கேஹெல். ஸ்கார்லாட்டி தாளில் கிர்க்பாட்ரிக். ‘எஃப்.’ விவால்டியில் ஃபன்னா. பாக்கின் மூத்த மகன் தாளில் ஃபால்க்.

கணினியில் ஏற்றும்போது 93, 356, 589 என்று அப்படியே தட்டினால் சில நிரல்கள் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு 93-ஐக் கடைசியில் தள்ளும். நாலு இலக்கமாகத் தட்டுங்கள்: 0093, 0356, 0589. குட்டி எழுத்துக்குத் தனிக் கட்டம். பெயரையும் ஒரே மாதிரி எழுதுங்கள். விவால்டி, விவல்டி, வைவால்டி என்று மூன்று பேர் மூன்று விதமாகத் தட்டினால் தேடும்போது மூன்று இசையமைப்பாளர்கள் கிடைப்பார்கள்.

மேலட்டை கிழிந்து, எண்ணே இல்லாமல் வந்த தாளைக் கண்டுபிடிப்பது தனி வேலை, கொஞ்சம் சுவையான வேலையும்கூட. முதலில் தனி வாத்தியம் எது என்று பாருங்கள். வயலின் அல்லாத வாத்தியமானால் அதுவே 800 எண்களைச் சில டஜனாகக் குறைத்துவிடும். அடுத்து ஸ்கேல். மேலே போட்டிருக்கும் ஃபிளாட், ஷார்ப் அடையாளத்தை நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் மைனர் ஸ்கேல்களுக்கு ஒரு ஃபிளாட் குறைத்து எழுதும் பழக்கம் உண்டு. கடைசி மூவ்மெண்டின் கடைசி பாஸ் ஸ்வரம் எதில் முடிகிறது என்று பாருங்கள், அதுதான் ஸ்கேல். அதிலும் ஒரு விதிவிலக்கு: 443 சில பதிப்புகளில் ஜி மேஜரில் இருக்கும். வாத்தியங்களை ஒரு ஃபோர்த், அதாவது நாலாம் ஸ்வரம் வரை, தள்ளி எழுத வேண்டும் என்று கையெழுத்துப் பிரதியிலேயே குறிப்பு இருப்பதால் வந்த வினை. மூன்றாவது, முதல் இரண்டு மூன்று பார். ரியோமின் முழுப் பட்டியல் ஒவ்வொரு மூவ்மெண்டுக்கும் தொடக்க ஸ்வரங்களை அச்சிடுகிறது. ஆர்.ஐ.எஸ்.எம். என்ற பன்னாட்டு இசைமூலத் தளத்தில் ஸ்வரங்களைத் தட்டியே தேடலாம். நம் ஆட்களுக்கு ஸ்வரம் எழுதுவது இன்னும் சுலபம். வசந்தத்தின் தொடக்கம், ஈ-யை ஸட்ஜமாக வைத்தால்: ச | க க க ரிச | ப – பம | க க க ரிச | ப. சங்கராபரணம் பாடத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைப் பார்த்த மாத்திரத்தில் பாடிவிடும். அட்டையின் மூலையில் இப்படி ஒரு வரி ஸ்வரம் எழுதி வைத்தால் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாதவரும் சரியான உறையை எடுத்துக் கொடுக்க முடியும்.

கடைசியாக, மலைக் காற்று. ஜூன் மாதம் தொடங்கும் மழையும், அதைத் தொடர்ந்து ஐப்பசி கார்த்திகை மழையும், நடுவில் ஜன்னல் வழியே உள்ளே நடந்து வரும் மேகமும் தாளுக்கு எமன். எண்ணை மையில் எழுதினால் ஈரத்தில் பரவும். பென்சிலில் எழுதுங்கள், 2பி போதும், உறையில் மட்டுமின்றி ஒவ்வொரு பார்ட்டின் வலது மேல் மூலையிலும். ஸ்டேப்பிள் முள்ளும் குண்டூசியும் ஒரே பருவத்தில் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் போட்டுவிடும். பருத்தி நாடா கட்டுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். பசை சில வருடத்தில் மஞ்சளாகி, அதன் அடியில் இருக்கும் ஸ்வரத்தையும் தின்றுவிடும். இரும்பு பீரோவானால் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், அடித்தட்டைக் காலியாக விடுங்கள். தாள்களை நெருக்கித் திணித்தால் காற்று போகாது, பூஞ்சை நடுவிலிருந்து தொடங்கும். பிளாஸ்டிக் உறை பார்க்க அழகு, ஆனால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வராது. காகித உறையே நல்லது. தை, மாசி வெயிலில் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நேர் வெயில் படாமல் நிழலில் காற்றாட விட்டு, எடுத்த கையோடு பார்ட்களை அட்டையோடு ஒத்து எண்ணிவிடுங்கள். வயோலா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.